பெயர்ப் பூச்சில் மறையுமோ முள்வேலி?

1944 சூன் 23. செக் மண்ணின் தெரேசியன்சுடாட்டுச் சிறையூரைக் காணச் செஞ்சிலுவைக் குழு வந்தது. அதற்குமுன் நாசியர் சுவர்க்கு வண்ணம் பூசினர், மலர்ச்செடி நட்டனர், நெரிசலை மறைக்க ஏறத்தாழ 7,500 யூதரை அவுசுவிட்சுக்கு ஏற்றினர். வந்தோர் பூவைக் கண்டனர், பிணத்தைக் கண்டிலர்.

2009-இல் சிங்கள அரசும் பெயரால் பூசியது. முள்ளிவாய்க்காலில் எஞ்சியோர் உட்பட 2 இலக்கத்திற்கும் மேற்பட்ட தமிழரைச் செட்டிகுளம் மெனிக் பண்ணையில் முள்வேலிக்குள் அடைத்து, ‘நலன்புரி ஊர்’ என்றது. அடைப்புகளுக்கு இராமநாதன், அருணாசலம் எனத் தமிழ்ப் பெரியோர் பெயரையே சூட்டியது!

தமிழகம் மட்டும் தூயதோ? வழக்குமன்றம் பிணை தந்த பின்னும் ஈழத்தமிழரை அடைத்த செங்கற்பட்டு, பூந்தமல்லிக் கொட்டடிகளுக்குச் ‘சிறப்பு முகாம்’ என்றல்லவா பெயர்!

சிறையைச் சிறையென்றே சொல்லுக, தமிழரே! சொல் பொய்த்தால் அறமும் பொய்க்கும்.