பெற்றோர் பக்கம்: கணினி கேட்கும் பிள்ளை



மணலியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க விரும்புகிறார். மகனோ செல்பேசியிலேயே படத்தொகுப்பையும், எழுத்துகளையும் உருவங்களையும் அசையச் செய்யும் கலையையும் தானே பழகியிருக்கிறான். கணினி வாங்குவதற்குத் தாயாரின் வளையல்களை அடகு வைக்கக் கேட்கிறான். "இது பிழைப்பாகுமா? மார்க்கத்திற்கு உகந்ததா?" என்பது அத்தாயாரின் வினா.

1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிய ஊர் அது. ஆலை, துறைமுகம், கண்டெய்னர் லாரி என்று கண்ணுக்குத் தெரிந்த வேலைகளையே வேலையென்று அறிந்த தந்தைக்கு, திரை முன் அமர்ந்திருப்பது உழைப்பாகத் தோன்றாதது இயல்பே. ஆயினும் அதுவும் உழைப்புத்தான். திரைப்படத்தின் ஒரு நொடியில் 24 படங்கள் ஓடுகின்றன. எந்தப் படத்தில் வெட்டுவது, எதனோடு ஒட்டுவது என்று தீர்மானிப்பவரே தொகுப்பாளர். அசைவுக் கலையில் உருவம் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கலைஞர் குறிக்கிறார். இடைப்பட்ட படங்களைக் கணினி நிரப்புகிறது. அவ்வசைவு உயிருள்ளதாகத் தோன்றுவது கலைஞரின் கண்ணையும் பொறுமையையும் பொறுத்தது.

தானே கற்றவர் உயர முடியுமா? லாத்வியா என்னும் சிறு நாட்டில் 1994இல் பிறந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் திரைப்படக் கல்லூரியில் பயிலாதவர். 2019இல் 'அவே' என்ற முழுநீள அசைவுப் படத்தைத் தனி ஒருவராகவே உருவாக்கினார். அவருடைய அடுத்த படமான 'ஃப்ளோ', 2025 மார்ச்சில் ஆஸ்கார் விருதை வென்றது. அது 'பிளெண்டர்' என்ற மென்பொருளில் உருவானது. 2002இல் பொதுமக்கள் அளித்த ஒரு லட்சம் யூரோ நன்கொடையால் அனைவருக்கும் உரியதாக்கப்பட்ட அம்மென்பொருளை, மணலிப் பிள்ளையும் இன்று காசின்றிப் பெறலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனியே கற்ற அவரும் 'ஃப்ளோ'வைக் குழுவாகச் சேர்ந்தே செய்தார். 'ஆடுகளம்' படத்திற்காகத் தேசிய விருது பெற்று, 2015இல் இளவயதிலேயே மறைந்த நம் தொகுப்பாளர் கிஷோர், பி. லெனின், வி.டி. விஜயன் ஆகிய மூத்தோரிடம் தொழில் பயின்றவர். தானே கற்பது வாசலைத் திறக்கும். உள்ளே நடக்க ஆசானும் வேண்டும். தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்பு கற்பிக்கப்படுகிறது. ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளிலும் மல்டிமீடியா அனிமேஷன் உண்டு. எல்லா நிலையங்களிலும் இராது, விசாரித்துப் பாருங்கள். தந்தையின் விருப்பமும் மகனின் ஆர்வமும் அங்கே கைகோக்கலாம்.

சகோதரியே, வளையல்களை வட்டிக்கு அடகு வைக்காதீர்கள். ஹலாலான தொழிலுக்கு ஹராமான அஸ்திவாரம் ஆகாது. அவை உங்கள் சொத்து. விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் உரிமை. ஜமாஅத்திலோ உறவினரிடமோ வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்கு முன், ஓராண்டுக் காலம் ஏதேனும் ஒரு ஸ்டூடியோவில் மகன் உதவியாளனாக இருக்கட்டும். அங்குள்ள கணினியில் பழகட்டும். ஈட்டுவதில் ஒரு பகுதியைச் சேர்க்கட்டும். அந்த ஓராண்டில் அவன் உறுதி அவனுக்கே விளங்கிவிடும்.

மார்க்கத்தைப் பொறுத்தவரை, உருவம், இசை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் மகனையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். கருத்து வேறுபாடு இல்லாத விஷயங்களும் உண்டு. ஒருவர் பேச்சை வெட்டி ஒட்டி அவர் சொல்லாததைச் சொல்ல வைப்பது பொய், அவதூறு. நிக்காஹ் வீட்டுப் பெண்களின் படங்கள் தொகுப்பவர் கையில் அமானிதம், நண்பனுக்குக்கூடக் காட்டலாகாது. தொழுகை நேரத்தில் திரை அணைய வேண்டும்.

தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கையால் கவசம் செய்து உழைத்து உண்டார்கள். இரும்பானாலும் ஒளிப்படமானாலும், கையின் நேர்மையே தொழிலின் மதிப்பு. மகனைத் தடுக்காதீர்கள், தனியே விட்டுவிடவும் செய்யாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்கித் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.