கிட்டவான முகம், வேறு ஆள்



வென்ட்வேர்த்வில் பக்கம் கலியாணவீட்டுக்குப் போனால், யாரோ ஒரு அம்மம்மா என் கையைப் பிடித்து "நீ இன்னாற்ற மகள்தானே?" எண்டு கேட்பா. அநேகமாகப் பிழை. தனக்குத் தெரிந்த முகங்களுக்குள் எனக்கு ஆகக் கிட்டவானதைத் தேடி எடுத்திருக்கிறா, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு திருத்திவிடலாம்.

நான் படிக்கிற துறையிலும் இதே வேலைதான். கணினி ஒரு முகத்தை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றுகிறது. இரண்டு முகங்களின் எண்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் கணக்கின் நீட்சி. பிறகு பட்டியலில் ஆகக் கிட்டவான முகத்தைத் தேடுகிறது.

எந்த முகத்தைக் கொடுத்தாலும் 'ஆகக் கிட்டவானது' எண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அது அதே ஆளா என்பதை முடிவு செய்வது ஓர் எல்லைத் தூரம். அந்த எல்லையைக் கணிதம் தருவதில்லை. அதை வைப்பது மனிதர்கள். இறுக்கினால் தேடுகிற ஆள் தப்பலாம். தளர்த்தினால் சம்பந்தமில்லாதவர் மாட்டுப்படலாம்.

2018 நவம்பர் முதல் 2021 நவம்பர் வரை, விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் 63 பன்னிங்ஸ் கடைகளுக்குள் போனவர்களின் முகங்கள் இப்படித்தான் ஒரு பட்டியலோடு ஒப்பிடப்பட்டன. நுகர்வோர் அமைப்பான சொய்ஸ் 2022 ஜூனில் இதை வெளியே கொண்டுவந்தது. இது சட்டமீறல் என்று தனியுரிமை ஆணையர் கார்லி கைன்ட் 2024 நவம்பரில் தீர்மானித்தார். பன்னிங்ஸ் அதை எதிர்த்து மேன்முறையீடு செய்தது. ஊழியர்களை வன்முறையிலிருந்து காக்கத்தான் செய்தோம், பொருந்தாத முகங்களை உடனே அழித்துவிட்டோம் என்பது அதன் வாதம்.

ஊழியர் பாதுகாப்பு உண்மையான பிரச்சினை. அதை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் பொருந்தாத ஒருவரைப் 'பொருந்துது' எண்டு இயந்திரம் சொன்னால்? அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருட்கள் வெள்ளையர்களைவிட ஆசிய, ஆபிரிக்க-அமெரிக்க முகங்களை 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகப் பிழையாகப் பொருத்தின. அந்தப் பிழை யாருடைய தலையில் விழும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கட அப்பா அம்மாமாருக்குத் 'தலையாட்டி' எண்ட சொல் தெரியும். சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையில் நடத்துவார்கள். முகத்தை மூடின ஒருவர் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோவார்கள். ஏன் ஆட்டினார், யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது. சாமான் வாங்கப் போகிற கடை இராணுவ முகாம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்குவது அந்த இழப்பைச் சிறுமைப்படுத்தும். ஆனாலும் மறைவான பட்டியல், காரணம் சொல்லாத தலையாட்டல், திருத்த வழியில்லாத பிழை: இவற்றைக் கண்டால் அடையாளம் தெரியவேண்டியவர்கள் நாங்கள்தான்.

1988ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, ஒரு பெரிய நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதிக் கேளுங்கோ: என் முகம் உங்கட பட்டியலில் இருக்கா? எல்லைத் தூரத்தை யார் வைத்தது? பிழை எண்டால் யார் திருத்துவது? பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற தோழர்கள் தனிய எழுதப் பயப்படலாம். அவர்களைத் தனிய விடாமல் சேர்ந்து எழுதுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக