ஆய்வு தமிழில் மலர்க!

சிவகாசி வெடியாலைகளில் வெடித்தூளை மூச்சில் இழுத்து உழைப்போர்க்கு இருமல் வருவது தூளாலா, என்புருக்கிநோய் நுண்ணுயிராலா? விடை காணும் வாய்ப்பு நம்மிடமே உண்டு.

1956-இல் இந்திய, பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகங்களும் உலக நலவாழ்வு நிறுவனமும் மாநில அரசும் கூடிச் சென்னையில் நிறுவிய ஆய்வகம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் என்புருக்கிநோய் தீரும் என 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்தது. இன்று முனைவர் பட்ட ஆய்வாளரையும் அது உருவாக்குகின்றது. ஆயின், ஆய்வேடுகளோ ஆங்கிலத்தில்!

ஆறு திங்கள் உண்ணும் மருந்தை இடையில் நிறுத்தலாகாது என்பதை நோயாளி தன் தாய்மொழியிலன்றி எங்ஙனம் தெளிவான்?

2022-இல் தோன்றிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அவ்வாய்வகத்தோடு இணைந்து இவ்வினாவை ஆராய்க! முடிவைத் தமிழில் எழுதாதார்க்குப் பட்டமில்லை என விதிக்க! உழைப்பாளியின் நுரையீரலை ஆய்ந்த அறிவு, அவன் மொழியிலேயே அவனிடம் திரும்புதல்தான் அறம்.