வெள்ளத்துக்கும் வட்டியா?

பாகு நகரில் 2024 நவம்பரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாடு, குறித்த நாளைத் தாண்டி 24-ஆம் தேதி அதிகாலை வரை இழுத்தது. வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டும் முடிவு நிறைவேறியதாகத் தலைவர் சுத்தியலைத் தட்டினார். பேச வாய்ப்புக் கேட்டும் தரவில்லை என்று கொதித்த இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா, இது வெறும் மாயத்தோற்றம் என்று எதிர்ப்பைப் பதிவுசெய்தார். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர்.

தொகை குறைவுதான். அதைவிட உறுத்துவது, பணம் எந்த வடிவில் வருகிறது என்பது. ஆண்டுக்கு 10,000 கோடி டாலரை 2020-க்குள் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அந்த அளவை எட்டியது 2022-ல். அந்த ஆண்டு அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்ததில் ஏறத்தாழ 70 சதவீதம் கடன். திரும்பிப் போகும் பணமும் உதவிக் கணக்கில் ஏறிவிடுகிறது.

அதே 2022-ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிந்து மாகாணத்தில் பருத்தி வயல்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. நீர் வடியாததால் அடுத்த கோதுமை விதைப்பும் பல இடங்களில் தடைபட்டது. உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் அந்நாட்டின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக அறிவித்தன. அதில் பெரும்பகுதி கடன். அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்த நாட்டின் தலையில் இன்னொரு சுமை!

நிதி தர வேண்டிய நாடுகள் என்று 1992-ல் போட்ட பட்டியலில் தாங்கள் இல்லை என்று காட்டிச் சீனாவும் வளைகுடா நாடுகளும் ஒதுங்குவது நியாயமா என்று ஐரோப்பா கேட்கிறது. நியாயமில்லைதான். அதற்காகச் சிந்து விவசாயியின் நாட்டிடம் வட்டி வாங்குவது சரியாகிவிடுமா? தொழிற்புரட்சி முதல் வெளியேறிய கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குப் பொறுப்பான அமெரிக்காவோ, பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து இரண்டாம் முறையாக விலகியிருக்கிறது.

இந்தக் கசப்பு வணிகத்திலும் இறங்கிவிட்டது. எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்ற இறக்குமதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்கள் ஆலைகள் கார்பனுக்கு விலை கொடுக்கும்போது வெளிச்சரக்கு தப்பக் கூடாது என்கிறார்கள். புறந்தள்ள முடியாத வாதம். ஆனால் நிலக்கரியை நம்பி எஃகு உருக்கும் இந்தியா, ஆலைகளை மாற்றியமைக்கக் கடன் வாங்க வேண்டும். மாறி முடிக்கும்வரை அந்த வரியின் சுமையையும் ஏற்க வேண்டும்.

கடன் தவிர்க்க முடியாத இடங்களிலும் மாற்று உண்டு. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி கிரெனடாவின் கேரியகூ தீவைச் சிதைத்தது. புயல் தாக்கினால் தவணையை ஒத்திவைக்கலாம் என்று அந்நாட்டின் கடன் பத்திரத்தில் நிபந்தனை இருந்தது. அதைப் பயன்படுத்தித் தவணைப் பணத்தை மீட்புப் பணிக்கு மிச்சப்படுத்தினார்கள். பார்படாஸ் பிரதமர் மியா மோட்லி நெடுநாளாக வலியுறுத்திய ஏற்பாடு இது. உலக வங்கியும் 2023-ல் ஏற்றது, ஆனால் சிறிய நாடுகளுக்கு மட்டும் என்று. பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் அதே நிபந்தனையை எழுதித் தரும்படி இந்தியா அடுத்த மாநாட்டில் கேட்க வேண்டும். பேரிடர் மீட்புக்குத் தரும் பணம் மானியமாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.