கரும்பு என்று ஓர் ஆக்ஞை

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக, பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் வட்டாரம் உள்பட மாநிலத்தின் மூலை முடுக்குகளில் வாழும் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேர்ந்த கணினிகளில், விண்டோஸோடு கூடவே, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் பதியப்பட்டிருந்தது என்னும் விஷயம், அவற்றைப் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு இன்று நினைவில் இருக்கும் என்பது சந்தேகமே. படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் விண்டோஸே சௌகரியம் என்று கருதி அந்த இன்னொரு வாசலைத் திறவாமலே விட்டவர்களை நான் குறை கூறவில்லை. அதைத் திறந்து காட்டுவதற்கு ஆளில்லாமற் போனதைத்தான் குறையாகக் கருதுகிறேன்.

அந்த வாசலுக்குள்ளே, வெறும் கறுப்புத் திரையும் துடிக்கும் ஒரு கோடுமாகக் காட்சி தருகிற டெர்மினலின் பின்னால் நின்றுகொண்டு, நாம் தட்டெழுதும் ஆக்ஞையை வாங்கி இயந்திரத்திடம் நிறைவேற்றித் தருகிற ஊழியனுக்கு ஷெல் என்று பெயர். 1971இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸுக்காக எழுதிய முதல் ஷெல்லிலிருந்து, 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்டு இன்று லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் காணப்படுகிற ‘பாஷ்’ வரையில் இதன் வம்சம் நீளமானது. பட்டியல் காட்ட ‘எல்எஸ்’, நகலெடுக்க ‘சிபி’, அழிக்க ‘ஆர்எம்’ என்று அதன் ஆணைகள் ஏன் இத்தனை குறுகிக் கிடக்கின்றன என்று வியப்பவர்கள், அக்காலத்து விஞ்ஞானிகள் விநாடிக்குப் பத்து எழுத்துக்களே அச்சடிக்க வல்ல, விசைகள் கனத்த டெலிடைப் இயந்திரங்களோடு மல்லுக்கட்டினார்கள் என்பதை அறிந்தால் சமாதானம் அடைவார்கள். தங்கள் விரல்களின் சிரமத்தை உத்தேசித்து அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களை, அந்தச் சிரமமே இல்லாத நாம் வேதவாக்கியமாகப் பாவித்து உருப்போட வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

அவசியம் இல்லை என்று ஷெல்களை ஆக்கியவர்களே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் பெர்க்லி சர்வகலாசாலை மாணவராயிருந்த பில் ஜாய், தாம் எழுதிய ‘சி ஷெல்’லில், எந்த ஆணைக்கும் அவரவர் விரும்பிய மாற்றுப்பெயரைச் சூட்டிக்கொள்ளும் வசதியை, ‘ஏலியாஸ்’ என்ற பெயரில் கொடுத்தார். பின்னர் வந்த ஷெல்கள் அதை ஏற்றுக்கொண்டன. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிவு செய்திருக்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, தகப்பனாரின் பதிவு விவரம், வெட்டு உத்தரவு, எடைச்சீட்டு, பணம் வந்த தேதி ஆகியவற்றையெல்லாம் கணினியில் குறித்துவைக்கிறான் என்று கொள்வோம். கோப்புறைக்குள் கோப்புறையாக நான்கு படி இறங்கிச் சென்று, அங்குள்ள கோப்புகளைப் புதியவை முன்னும் பழையவை பின்னுமாக வரிசைப்படுத்திக் காண்பதற்கு, அவன் ஒவ்வொரு தடவையும் ஒரு நீண்ட வரியைத் தட்டெழுத வேண்டும். அந்த வரி முழுவதற்கும் ‘கரும்பு’ என்று ஒரு பெயரை, தமிழ் எழுத்திலேயே, சூட்டிவிட்டால், ஷெல் முகம் சுளிக்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். தமிழ்ச் சொல்லை ஆணைப்பெயராக ஏற்பதில் பாஷுக்குத் தடை ஏதும் கிடையாது. இப்படிச் சூட்டிய பெயர் திரையை மூடியதும் மறைந்துபோகும். அது நிலைத்திருக்க வேண்டுமானால், புள்ளியில் தொடங்கும் பெயருடையதாகையால் சாதாரணப் பட்டியலில் தென்படாத ‘பாஷ்ஆர்சி’ என்னும் கோப்பில் அந்த வரியை எழுதிவைக்க வேண்டும்.

பெயர்களோடு விருப்பத் தெரிவுகளும் உண்டு. அவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். கோப்புறையின் பெயரைத் தட்டெழுதும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும், அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கள் இடம் மாறினாலும், தானே திருத்திக்கொண்டு உள்ளே செல்லும் ‘சிடிஸ்பெல்’ ஒன்று. மற்றொன்று ‘நோகிளாபர்’, இதன் உபகாரம் சாமானியமானதன்று. ஓர் ஆணையின் விளைவைக் கோப்பில் சேமிக்க அம்புக்குறி ஒன்றை இடுவது வழக்கம். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்துவிட்டால், ஷெல் ஒரு வார்த்தையும் கேளாமல் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதும் சுபாவமுடையது. சென்ற பருவத்தின் எடைக்கணக்கு முழுவதும் இந்தப் பருவத்தின் முதல் சீட்டால் அழிந்துபோவதற்கு ஒரேயொரு விசை போதும். ‘நோகிளாபர்’ பூட்டப்பட்ட ஷெல்லோ, கோப்பு முன்பே இருக்கிறது என்று மறுத்துவிடும். மெய்யாகவே அழிக்க விரும்புகிறவன் அம்புக்குறியோடு ஒரு செங்குத்துக் கோட்டையும் சேர்த்து, தெரிந்தேதான் செய்கிறேன் என்று உணர்த்த வேண்டும்.

அனுபவசாலிகளான கணினி நிர்வாகிகள் சிலர் இதற்கெல்லாம் ஆட்சேபம் சொல்வதுண்டு. சொந்தக் கணினியில் சொகுசுக்குப் பழகியவன் அந்நியக் கணினியில் கைகால் ஓடாமல் நிற்பான் என்பது அவர்கள் வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. ரெட் ஹேட் லினக்ஸில் தலைமைப் பயனரின் கணக்கில், ‘ஆர்எம்’ என்று தட்டினால் ‘அழிக்கவா?’ என்று ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும்படி மாற்றுப்பெயர் அமைந்திருப்பதையே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வி வரும், வந்தால் யோசித்துக்கொள்ளலாம் என்று விரல்களைப் பழக்கிக்கொண்டவன், அந்த ஏற்பாடு இல்லாத வேறொரு கணினியில் அதே இரண்டெழுத்தைத் தட்டும்போது, கேள்வியும் வராது, கோப்பும் மிஞ்சாது. ஆகையால், மூல ஆணையின் பெயரையே வைத்துக்கொண்டு அதன் குணத்தை மாற்றுவது ஆபத்து என்கிறேன். கேட்டு அழிக்கும் ஆணைக்கு ‘அழி’ என்று தனிப்பெயர் வைத்துவிட்டால், அந்நியக் கணினி ‘அப்படியொரு ஆணை இல்லை’ என்று சொல்லுமே தவிர, எதையும் நாசம் செய்யாது. மற்றபடி, மாற்றுப்பெயர்கள் நாம் திரையில் தட்டுவதற்கு மட்டுமே செல்லுபடியாகும். கோப்பாக எழுதி ஓட்டும் நிரல்களுக்குள் பாஷ் அவற்றை வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை என்பதால், ஒருவருடைய சொந்த ருசி பிறருடைய வேலையில் போய்க் கலந்துவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை.

உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. ஷெல் தமிழை ஏற்றாலும், டெர்மினல் அதைச் செம்மையாகக் காட்டுவதில்லை. ஆங்கில எழுத்துக்குச் சமமான கட்டம் என்று கணக்கிட்டு வடிவமைக்கப்பட்ட அந்தத் திரையில், முன்னும் பின்னும் குறி ஏற்கும் நமது ‘கொ’வும் ‘போ’வும் பல டெர்மினல்களில் பிய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தோன்றுகின்றன. விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றித் திருப்புவதும் தொல்லையே. இந்தக் காரணங்களால், இரண்டெழுத்துச் சுருக்கமே போதும் என்று ஒரு மாணவன் தீர்மானித்தால் நான் வற்புறுத்தமாட்டேன். தீர்மானித்தவன் அவன் என்பதே எனக்குத் திருப்தி.

2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் அறிமுகம் செய்கிறது என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த அறிமுகம் பெரும்பாலும் திரையில் தெரியும் சின்னங்களையும் பட்டைகளையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அடுத்த பதிப்பில் அத்தியாயம் கூட வேண்டாம், நான்கு பக்கம் ஒதுக்கினாலே போதும். டெர்மினலைத் திறப்பது, ஐந்தாறு ஆணைகள், மாற்றுப்பெயர் சூட்டும் முறை, அதை நிலைநிறுத்தும் கோப்பு, ‘நோகிளாபர்’ ஆகியவற்றை அதில் அடக்கிவிட்டு, செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக்குப் பயன்படக்கூடிய ஒரு மாற்றுப்பெயரைத் தானே இயற்றி இயக்கிக் காட்டும்படி கேட்கலாம். தேர்வாளருக்கு ஒரே ஒரு கஷ்டம் உண்டு. நாற்பது பிள்ளைகளும் நாற்பது விதமாக எழுதியிருப்பார்கள், விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட முடியாது.