கியர் விழாத வேளை

கோலார் தங்கவயலில் தங்கத்தைத் தோண்டியவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவர்களை உள்ளே இறக்கி, மாலையில் உயிரோடு மேலே கொண்டுவந்தவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் விண்டிங் எஞ்சின் டிரைவர். ஷாஃப்டின் வாய்க்கு அருகே ஒரு கொட்டகைதான் அவருடைய உலகம். எதிரே ஆளுயரத்தைத் தாண்டும் இரும்பு டிரம்கள், கையில் லீவர்கள், கண்ணெதிரே ஆழத்தைக் காட்டும் முள். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது, அதில் நிற்கும் ஆட்களும் தெரியமாட்டார்கள். காதில் விழும் மணிதான் கட்டளை. ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். நின்றிருக்கும்போது இரண்டு என்றால் இறக்க வேண்டும். மூன்று என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்துக்கும் ஆட்களும் கல்லும் கருவிகளும் போய்வந்தது இரும்பு வடத்தில் தொங்கித்தான். ஒரே வடத்தில் அடிவரை போக முடியாது. மேலிருந்து ஒரு ஷாஃப்ட், அதன் அடியில் பூமிக்குள்ளேயே இன்னொரு ஷாஃப்ட், அதற்கென்று தனி எஞ்சின். இந்தச் சங்கிலியில் எங்கேயாவது ஒரு லீவர் சண்டித்தனம் செய்தால் அதற்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் வழி அடைபடும்.

லீவர் ஏன் சண்டித்தனம் செய்கிறது? சுரங்கமானாலும் சரி, கடலில் ஓடும் படகானாலும் சரி, இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறை ஒன்றுதான்.

ஆழமான சுரங்கங்களில் பரவலாக உள்ள ஏற்பாடு இரட்டை டிரம். ஒரே தண்டில் இரண்டு டிரம்கள். ஒன்றின் வடம் சுற்றும்போது மற்றதன் வடம் அவிழும். ஒரு கூண்டு ஏறினால் இன்னொன்று இறங்கும். கிணற்று ராட்டினத்தில் இரு பக்கமும் வாளி கட்டிய மாதிரிதான். இரண்டு எடைகளும் ஒன்றையொன்று தாங்குவதால் மோட்டாருக்குப் பளு குறைவு.

சிக்கல் வேறு மட்டத்துக்கு மாறும்போது வருகிறது. ஒரு கூண்டு மேலே நிற்கும்போது மற்றது எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது வேலையைப் பொறுத்து மாறும். புது வடம் போட்டால் அது நாளாக நாளாக நீளும், அதையும் சரிக்கட்ட வேண்டும். அதற்காக ஒரு டிரம்மைத் தண்டிலிருந்து கழற்றிவிட ஒரு கிளச் உண்டு. பல்லோடு பல் கோத்து நிற்கும் முரட்டு கிளச் அது. கிளச்சை விடுவித்தால் அந்த டிரம் பிரேக்கில் நிற்க, மற்றது மோட்டாரோடு சுழன்று தன் கூண்டைப் புதிய மட்டத்துக்குக் கொண்டுபோகும். பிறகு கிளச்சை மாட்ட வேண்டும்.

அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. ராட்டினத்தின் மறுபக்க வாளி கைவிட்டுப்போகிறது. கூண்டின் எடையும், கிலோமீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பல டன் வடத்தின் எடையும் பிரேக் ஒன்றின் தலையில் விழுகின்றன. அதனால்தான் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூண்டில் ஆள் இருக்கக் கூடாது. அடுத்து பிரேக்கைப் போட வேண்டும். போட்ட பிரேக் பிடிக்கிறதா என்று, மோட்டாருக்குக் கொஞ்சம் விசை கொடுத்து டிரம் அசைகிறதா எனப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கிளச். திரும்ப மாட்டும்போது, பல் முழுக்க உள்ளே போய்ப் பூட்டிக்கொண்ட பிறகே பிரேக்கைத் தளர்த்த வேண்டும். இந்த வரிசையை மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பி விடக் கூடாது என்பதற்காக கிளச்சுக்கும் பிரேக்குக்கும் இடையே இன்டர்லாக் வைத்திருப்பார்கள். ஒன்று சரியாக அமராமல் மற்றது விடாது.

சில நேரம் கிளச் மாட்டாது. பெரும்பாலும் காரணம் சின்னது. பல்லுக்கு எதிரே பள்ளம் வராமல் பல்லே வந்து நிற்கும். தண்டை ஒரு நூல் அளவு நகர்த்தினால் போதும், தானாக உள்ளே போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால் லீவரில் தொடங்கிப் பல்லை நோக்கி வழியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். காற்றழுத்தம் அல்லது எண்ணெய் அழுத்தம் இருக்கிறதா, இணைப்புக் கம்பிகளின் பின்கள் தேய்ந்திருக்கின்றனவா, இன்டர்லாக் விட மறுக்கிறதா, கடைசியில்தான் பல்லின் முனை மழுங்கியிருக்கிறதா என்ற கேள்வி. அவசரக்காரன் செய்வது வேறு. லீவரை ஓங்கி இழுப்பான், அல்லது "இந்த இன்டர்லாக்தான் தொந்தரவு" என்று அதையே கட்டிப்போட்டுவிடுவான். பாதி மாட்டிய பல்லை நம்பிப் பிரேக்கை விட்டால், அதற்குப் பிறகு செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

தங்கவயலிலிருந்து கன்னியாகுமரிக் கடற்கரைக்கு நெடுந்தூரம். ஆனால் 1980களில் அங்கே வள்ளங்களின் பின்புறம் ஏறிய அவுட்போர்டு எஞ்சினின் அடிவயிற்றில் இருப்பதும் இதே பல் கிளச்சின் குட்டி வடிவம்தான். மேலிருந்து வரும் தண்டின் முனையில் ஒரு சின்ன கியர். அது முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு கியர்களை எதிரெதிர்த் திசையில் சுழற்றிக்கொண்டே இருக்கும். நடுவே புரொப்பல்லர் தண்டின் மேல் வழுக்கி நகரும் ஒரு பல் வளையம். முன் கியரைக் கவ்வினால் படகு முன்னே போகும், பின் கியரைக் கவ்வினால் பின்னே வரும், இரண்டையும் விட்டால் நியூட்ரல்.

இங்கேயும் பணயம் உயிர்தான். கரையோரத்தில் அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது கியர் நழுவினால் படகு திசை திரும்பி, பக்கவாட்டில் அலையை வாங்கும். கவிழ ஒரு அலை போதும்.

எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை என்றால் உடனே "கியர் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். சிறிய எஞ்சின்களில் புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் பின் உடைந்திருக்கலாம். பெரியவற்றில் நடுவே உள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம். புரொப்பல்லரின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் குற்றவாளி ரப்பர்தான்.

கியர் விழவே இல்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் புரொப்பல்லரைக் கையால் மெல்லத் திருப்ப, மற்றவர் லீவரைப் போட்டுப் பார்க்க வேண்டும். நின்ற எஞ்சினில் பல்லும் பள்ளமும் நேராக வராதது கோளாறு ஆகாது. அப்படியும் இறுக்கமாக இருந்தால் கேபிளை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட வேண்டும். இப்போது லீவர் இன்னமும் இறுக்கமென்றால் கோளாறு உப்புக் காற்றில் துரு ஏறிய கேபிளிலோ லீவர் பெட்டியிலோ இருக்கிறது. லீவர் இலகுவாக ஆடினால் கீழே தேட வேண்டும். பாதி வேலை இந்த ஒரு சோதனையில் முடிந்துவிடும். கியர் பெட்டியைக் கழற்றிப் பூட்டிய மறுநாளே தகராறு என்றால், ஷிஃப்ட் தண்டு சரியாக இணையவில்லையா என்று முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்தது எண்ணெய். கியர் எண்ணெய் பால் கலந்த காபி போல இருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தத்தில் மெல்லிய பசை போல ஒட்டும் இரும்புத் தூள் வழக்கமான தேய்மானம். சில்லுகளாகக் கிடைத்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். வேகம் கொடுத்ததும் முன் கியர் தானாக நழுவினால் பல்லின் ஓரம் மழுங்கியிருக்கும், அல்லது கேபிள் சரியாக அமையாமல் வளையம் பாதிதான் கவ்வுகிறது. பல் மழுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓட்டுபவரின் தயக்கம். மெதுவாக, நோகாமல் கியர் போடுவதாக நினைத்து லீவரை நகர்த்தினால் பல்லின் முனைகள் உரசி உரசித் தேயும். எஞ்சினை ஐட்லிங்குக்குக் கொண்டுவந்து, ஒரே அசைவில் உறுதியாகப் போடுவதே முறை.

சாம்பியன் ரீஃபின் அடிமட்டங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது. ஆனால் கியர் தங்கவயலை விட்டுப் போய்விடவில்லை. 1964ல் உருவான பெமல் நிறுவனத்தின் இவ்வூர்த் தொழிற்சாலை புல்டோசர்களைச் செய்கிறது. சுரங்க வேலை இல்லாத அடுத்த தலைமுறை, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வேறு இயந்திரங்களின் முன்னால் நிற்கிறது. அங்கேயும் ஏதாவது ஒரு லீவர் ஒருநாள் நகர மறுக்கும். அப்போது தேவைப்படுவது, பலத்தைக் காட்டாமல் கையை எடுத்துவிட்டு, முதலில் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பழைய விண்டிங் டிரைவரின் நிதானம்தான்.