இரவுக் காப்பி

நம் மாணவருள் காப்பி பருகாதார் மிகச் சிலர்; ஒரு கோப்பையோடு அமைவார் அவரினும் சிலர். விடியலில் ஒன்று, வகுப்புகளின் இடையே ஒன்று, மாலையில் ஒன்று, தேர்வு நெருங்கின் இரவில் ஒன்றோ இரண்டோ என இப்பழக்கம் வளர்ந்துள்ளது. காப்பியம் பயில்வார் காப்பியைத் துறத்தல் தகுமோ என எம் தமிழ் வகுப்பு நண்பர் நகையாடுவர். தகாது என்றே யானும் கூறுவேன். ஆயின் இரவுக் கோப்பையை மட்டும் விட்டேயாதல் வேண்டும்.

காப்பியின்றித் தமிழர்க்குப் பொழுது விடியாது என்பாரும் உளர். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' எனத் தம் நூலொன்றிற்கு வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி பெயரிட்டுள்ளமையை அவர் நினைவாராக. நம் முன்னோர் நீராகாரம் பருகியே ஏர் பூட்டினர்.

இனி, காப்பி செய்வதுதான் யாது? நாம் விழித்திருக்குந்தோறும் அடினோசின் என்னும் பொருள் மூளையிற் சிறிது சிறிதாகப் பெருகி, தனக்கென அமைந்த இடங்களைப் பற்றி, உறக்கத்தை அழைக்கின்றது. காப்பியிலுள்ள காபீன் அவ்விடங்களில் முந்திச் சென்று அமர்ந்துகொள்ளும். இருக்கை கிடையாத விருந்தினர் வாயிலிலேயே நிற்பரன்றி வீடு திரும்பார். அங்ஙனமே சோர்வும் நீங்குவதில்லை, மறைந்து நிற்கின்றது. (இக்காபீனை 1819-இல் ரூங்கே என்னும் ஜெர்மானியர் பிரித்தெடுத்தற்குக் கெதே என்னும் பெருங்கவிஞரே தூண்டுகோலாயினர் என்பது இலக்கிய மாணவர்க்கு இனிய செய்தி.)

உட்கொண்ட காபீனில் ஒரு பாதி உடலினின்று கழிதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். இரவு 9 மணிக்குப் பருகியதிற் பாதி, பின்னிரவு 2 மணிக்கும் நம்முள் விழித்திருக்கின்றது! பகலிற் கற்றதை மூளை நிலைபெறுத்திக்கொள்வதோ உறக்கத்தில். தேர்வுக்கென்று பருகும் காப்பி தேர்வுக்கே பகையாதல் காண்க. மறுநாட் காலையில் அயர்வு மிக, அதனைப் போக்க மேலும் ஒரு கோப்பை வேண்டப்படுகின்றது.

ஒரே நாளில் யாவற்றையும் விடுதலும் நன்றன்று. லெந்து நாட்களில் அவ்வாறு விடும் அன்பர் சிலர், மறுநாளே தலைநோவால் வருந்துவர். விட்ட 12 முதல் 24 மணி நேரத்திற்குள் அந்நோவு தொடங்குதல் இயல்பு. சிலர்க்கு ஒரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். ஆதலின் முதலில் இரவுக் கோப்பை, சின்னாள் கழித்து மாலைக் கோப்பை எனக் குறைத்தலே முறை. காப்பிக்கு ஈடாகத் தேநீரைக் கொள்வார் அதனுள்ளும் காபீன் உண்டென்பதை மறத்தலாகாது. சிக்கரி வேரில் அஃது இல்லை; எனவே சிக்கரி மிகுந்த தூளால் இறக்கிய டிகாக்ஷனில் காபீன் குறையும். தூய காப்பியையே போற்றும் சுவைஞர் இதற்கு முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும்.

விடுதிகளை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தேர்வுக் காலத்து இரவுகளில் மாணவர்க்குக் காப்பி வழங்குதல் அன்பினாலேயே நிகழ்கின்றது. அவ்வன்பு சுக்குமல்லிக் காப்பியாக வரினும் யாம் மகிழ்ந்தே ஏற்போம். காப்பித்தூள் சேராத அது, பெயரளவிற்றான் காப்பி.